ஆத்தங்குடிக் கல் பாவிய வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர்?

துல்லியமான ஸ்பீக்கர் என்று பாராட்டி எழுதுபவர்களில் பலர் கார்பெட், சோபா, கனத்த திரைச்சீலை உள்ள அறையில் கேட்டுவிட்டு எழுதுகிறார்கள். செட்டிநாட்டு வீடு வேறு. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து வழவழப்பாக இழைத்த பூச்சு, மேலே எட்டாத உயரத்தில் கூரை. எதுவும் ஒலியை உறிஞ்சாது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் இங்கே ஸ்பீக்கர் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, அது பக்கச் சுவர்களில் எவ்வளவு ஒலியை இறைக்கிறது என்பதை.

கிளிப்ஷ் ஆர்பி-600எம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். உச்ச ஒலியைத் தரும் சின்ன பாகமான ட்வீட்டர் இதில் டைட்டானியம்; அதைக் கூம்பு வடிவ ஹார்னுக்குள் வைத்திருப்பதால் உச்ச ஒலி முன்பக்கமாகவே போகிறது. வளவின் (முற்றம் சூழ்ந்த நடுக்கட்டு) மறுகோடியில் உட்கார்ந்தாலும் பாட்டின் சொல் புரியும். சிக்கல், அந்த உச்ச ஒலியை அது கொஞ்சம் தூக்கியே கொடுக்கிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. நாதஸ்வரத்தின் வீச்சும் அங்கேதான் நிறைய. பட்டாலை என்கிற பெரிய கூடத்தில் மல்லாரி என்ற நாதஸ்வர உருப்படி ஒன்றைப் போட்டதும் அப்பத்தா சொன்னது: "என்னப்பா, தகரத்துல கரண்டியால தட்டுற மாதிரி இருக்கு, குறைச்சு வையி."

அப்படியானால் துணி ட்வீட்டர் போதுமே என்பார்கள். வார்ஃப்டேல் டயமண்ட் 12.1 அந்த வகை. மணிக்கணக்கில் கேட்டாலும் குத்தாது, விலையும் கைக்கு அடக்கம். ஆனால் ஒலியை அகலமாகப் பரப்பும். பட்டாலையில் நான்கு பக்கமும் மோதித் திரும்புவதில் மிருதங்க வலந்தலையின் அடிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். சொல் புரியவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவோம்; பிறகு அந்தச் சத்தமே காதை அலுக்க வைக்கும். மென்மையான ட்வீட்டர் இருந்தால் அலுப்பு வராது என்ற பேச்சு பாதிதான் சரி.

கெஃப் எல்எஸ்50 மெட்டாவில் ட்வீட்டர், மற்ற ஒலிகளைத் தரும் பெரிய கோனின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து ஒலிப்பதால், நேராக வருவதற்கும் சுவரில் பட்டு வருவதற்கும் தொனி ஏறக்குறைய ஒன்றுதான். எதிரொலி இருந்தும் காது குழம்பாததற்கு அதுதான் காரணம். ட்வீட்டர் அலுமினியம், உலோகம் என்றாலே கீச்சு என்பதைப் பொய்யாக்குகிறது. இதன் முன்னோடி, கெஃப் தன் 50ஆம் ஆண்டையொட்டி 2012இல் கொண்டுவந்த எல்எஸ்50; அது பிபிசியின் பழைய எல்எஸ்3/5ஏ மானிட்டரை மனதில் வைத்துச் செய்தது. அந்த மானிட்டரின் உள்ளே இருந்த டிரைவர்களும் (ஒலி எழுப்பும் பாகங்கள்) கெஃப் தயாரிப்பே.

காரைக்குடி வீணைப் பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். தாளமில்லாமல் துடிப்போடு வாசிக்கும் தானத்தில் நகம் கம்பியைத் தொடும் "டக்", அதன் பின்னே கம்பியை இழுக்கும் கமகம். கிளிப்ஷில் டக் முந்திக்கொள்ளும். வார்ஃப்டேலில் கமகம் இனிக்கும், டக் மழுங்கும். கெஃபில் இரண்டும் தனித்தனியாக, அதனதன் அளவில் கேட்கும்.

எதை வாங்கினாலும் ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஐந்தாறு மீட்டர் வேண்டாம். பக்கச் சுவர் ஒவ்வொன்றிலும் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்திப் பாருங்கள். விருந்தாளிகளுக்கென்று அடுக்கி வைத்தவை எப்படியும் சும்மாதானே கிடக்கின்றன! கோரைப்பாய் விரிப்பதால் பெரிதாகப் பலனில்லை, மிக உயர்ந்த ஒலியை மட்டுமே அது கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

பட்டாலைக்கு என் ஓட்டு கெஃப். மெத்தையும் துணிமணி அலமாரியும் நிறைந்த சின்ன அறை என்றால் வார்ஃப்டேலே போதும், அங்கே கெஃபுக்குச் சில மடங்கு கூடுதலாகக் கொடுப்பது வீண். விசேஷ நாளில் வளவு முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் கிளிப்ஷ். 130 மில்லிமீட்டர் கோனை வைத்துக்கொண்டு கெஃப் அந்த வேலைக்கு ஆகாது.

இன்னொன்று, ஆம்ப்ளிஃபயர். கெஃபின் உணர்திறன் (ஒரே மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 85 டெசிபல், கிளிப்ஷ் சொல்வது 96. கிளிப்ஷ் சொல்வது அறையின் உதவியையும் சேர்த்த எண் என்பதால் நிஜ வித்தியாசம் அவ்வளவு இராது. ஆனாலும் கெஃபின் மின்தடை 3.5 ஓம் வரை இறங்கும் என்பதால், கிளிப்ஷுக்குப் போதுமான சின்ன ஆம்ப்ளிஃபயர் இதற்குத் திணறும். 4 ஓம் சுமையைத் தாங்கும், 60 வாட்டுக்குக் குறையாத ஒன்றுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.