கார் ஸ்மார்ட் கீக்கு சிஆர்2032 செல்: எதைப் பார்த்து வாங்குவது

ஸ்மார்ட் கீ, அதாவது பட்டன் ஸ்டார்ட் காரின் ரிமோட் சாவிக்குள் இருக்கும் சிஆர்2032, கும்பகோணம், மன்னார்குடி கடைத்தெருவில் வாட்ச் கடை முதல் மொபைல் கடை வரை கிடைக்கிற 3 வோல்ட் பட்டன் செல்தான். கனம் 3.2 மி.மீ. சிஆர்2025 என்பது 2.5 மி.மீ.தான், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். லூசாக உட்கார்ந்து, கதவு ஒருநாள் திறக்கும், ஒருநாள் திறக்காது.

பானசோனிக் அட்டைப் பேக்கைத் தேதி பார்த்து நம்பி வாங்கலாம். டப்பாவில் உதிரியாகக் கிடப்பவை வேண்டாம். மீட்டரில் 3 வோல்ட் காட்டினாலும் லோடு வந்ததும் படுத்துவிடும். பிள்ளைகள் வாயில் வைத்தால் துப்பிவிடுவதற்காகக் கசப்புப் பூச்சு போட்ட செல் சில சாவிகளில் கான்டாக்ட் ஆவதில்லை. எதுவானாலும் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கழற்றும்போதே பிளஸ் பக்கம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த சாவியில் செல்லைத் தொடும் தகடு பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள்.

புது செல் போட்டும் தகராறா? ரிமோட் பட்டனுக்குத் திறந்து, கதவுக் கைப்பிடியில் உள்ள பட்டனுக்கு மட்டும் திறக்காவிட்டால் சாவியை விடுங்கள், கைப்பிடி சுவிட்சைப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டக் டக்' சத்தம் மட்டும் வந்தால் முதல் சந்தேகம் காரின் பெரிய பேட்டரிமேல். நிறுத்திவைத்த வண்டியில் 12.2 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

நடுவழியில் செல் செத்தால், ஸ்மார்ட் கீக்கு உள்ளேயே செருகியிருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, ஸ்மார்ட் கீயை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். பல வண்டிகள் கிளம்பிவிடும்.