சூடேறும் நாற்றுத் தட்டு: வேர் வருகிறது, மூடிதான் வயிற்றெரிச்சல்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் சித்தி மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். குச்சிகளை வேர்விடச் செய்ய, மின்சாரத்தில் அடியில் சூடாகும், மேலே மூடி போட்ட நாற்றுத் தட்டின் விலையைக் குறைத்திருக்கிறார்களாம். "அக்கா, நீங்க வச்சிருக்கிறது இதுதானே, வாங்கலாமா?" என்று கேட்கிறாள். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் என் வீட்டுப் பின்கட்டில் இந்தத் தட்டு சில குளிர்காலங்களாக ஓடுகிறது. அவளுக்குச் சொல்வதை எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

சூட்டில் குறையே சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் இறங்கி அப்படியே தங்கிவிடும். தாழ்வான இடங்களில் காலையில் புல்மேல் உறைபனிகூடப் பார்க்கலாம். பகலிலோ நல்ல வெயில். போத்து, அதாவது வெட்டிய குச்சி, நடுகிறவர்களுக்கு இந்தச் சேர்க்கை ஆகவே ஆகாது. மேலே வெயில் பட்டு மொட்டு விழித்துக்கொள்ளும், கீழே மணல் சில்லென்று கிடப்பதால் வேர் கிளம்பாது. குச்சியில் இருந்த சத்தெல்லாம் இலையாகச் செலவாகி, கொஞ்ச நாள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுக் கருகிப்போகும். தட்டு இதைத் தலைகீழாக்குகிறது. அடியில் 22, 23 டிகிரி, மேலே குளிர்ந்த காற்று. இலை பொறுத்திருக்கிறது, வேர் முந்திக்கொள்கிறது. செம்பருத்தி, நந்தியாவட்டை, குண்டுமல்லி எல்லாம் எனக்கு ஆடி மாதத்திலேயே வேர் பிடித்தன. நம் ஊரில் ஆடி என்றால் நடுக்குளிர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் கடுமையாக இருந்த 2023-இல் இது வீணாகிவிடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம் மின்சாரம் இருக்காது. ஆனால் ஈரமான ஆற்றுமணல் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டது. மின்சாரம் திரும்பும்போது விரலை விட்டுப் பார்த்தால் இன்னும் வெதுவெதுப்பு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

சரி, இப்போது மூடி.

தட்டையான மூடி! இதை வடிவமைத்தவர் ஒரு நாளாவது இதற்குள் ஒரு குச்சியை நட்டுப் பார்த்திருப்பாரா? கீழே சூடு, மேலே குளிர்; மண்ணின் ஈரம் ஆவியாகி மூடியில் முத்து முத்தாகக் கோக்கத்தான் செய்யும். மூடி கொஞ்சம் சரிவாக இருந்தால் நீர் ஓரமாக வழிந்து மணலுக்கே திரும்பியிருக்கும். தட்டையாக இருப்பதால், சோற்றுப்பானை மூடியைத் தூக்கியது போல நேராக இலைமேல் சொட்டுகிறது. நனைந்த இலையில் சாம்பல் பூசணம், அதிலிருந்து தண்டு, அப்புறம் பக்கத்துக் குச்சி. வேர் வந்த செம்பருத்தியே நுனியிலிருந்து அழுகிப் போனதைப் பார்த்தால் கோபம் வருமா வராதா?

காற்றுக்காக மேலே இரண்டு சிறு திறப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தள்ளுபட்டை இரண்டாவது குளிர்காலத்திலேயே ஒடிந்தது. மூடி மட்டும் கிடைக்குமா என்று கேட்டால், தனியாக விற்பதில்லை, முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நன்றாக ஓடும் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்க வேண்டுமாம்! இப்போது பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை, ஒரு பக்கம் மரக்கட்டை கொடுத்துச் சாய்த்து மூடுகிறேன். சொட்டுவது நின்றுவிட்டது.

அட்டைப்பெட்டியில் 'எல்லாச் செடிகளுக்கும்' என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். ஜெரேனியத்தையும், தடித்த சின்ன இலைகள் கொண்ட ஸ்பெக்பூமையும் மூடி வைக்கவே கூடாது. இரண்டும் இந்த நாட்டு வறண்ட வெளியில் வளர்ந்தவை. ஸ்பெக்பூம் குச்சியைச் சில நாள் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் ஆறியபின் வெறும் மணலில் குத்தினாலே போதும்.

ஆக, வாங்காதே. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். டர்பன் கடலோரம், உங்கள் மண் எங்கள் மண் போலக் குளிராது. உள்நாட்டில் லேடிஸ்மித், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு அடிச்சூடு நிச்சயம் உதவும். ஆனாலும் இந்தத் தட்டை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள சூட்டுவிரிப்பு மட்டும் வாங்கி, மூடியை நீங்களே சரிவாகச் செய்துகொள்ளுங்கள்.

நீ மழை முடியுமுன், பிப்ரவரி மார்ச்சில், அரைமுற்றிய குச்சியாகப் பார்த்துக் கணுவுக்குக் கீழே வெட்டு. வேரைத் தூண்டும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் 0.3 சதவீதம் உள்ள வேர்த்தூளில் தொட்டு நிழலில் நடு. கறிவேப்பிலைக்கு மட்டும் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அதன் குச்சி லேசில் வேர்விடாது. சித்தி வீட்டு மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பியிருக்கும் கன்றை, மழை பெய்த மறுநாள் வேரோடு தோண்டி எடுத்துக்கொள்.