"எல்லா நாட்டுக்கும் ஒரே பேக்" என்றார்கள்; கப்பல் எந்த நாடு என்று நான் கேட்கவில்லை

கப்பல் சுற்றுலா முடிந்து வீடு திரும்பிய பதினோராவது நாள் போன் பில் வந்தது. வேறு யாருடைய பில்லோ தவறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பெயரும் எண்ணும் என்னுடையவை. தொகையோ, மூன்று பேர் ஏழு இரவு கப்பலில் தங்குவதற்குக் கட்டிய பணத்தில் கால்வாசிக்கும் கொஞ்சம் மேல். பாதித் தப்பு என்னுடையது, அதை மறைக்கப் போவதில்லை. மீதிப் பாதி, தெரிந்தும் சொல்லாமல் விட்டவர்களுடையது. கப்பல் ஏறப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பயணத்தை ஒரு ஏஜென்சி வழியாகப் பதிவு செய்தோம். கேபின், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும் நேரத்தில்தான் போன் பேச்சு வந்தது, அதாவது வெளிநாட்டிலும் நம் சிம்மே வேலை செய்ய வாங்கும் ரோமிங் பேக் பற்றி. "நாலு நாட்டுத் துறைமுகத்தில் நிற்கிறது. இந்த ரோமிங் பேக்கில் நாலு நாடும் வந்துவிடும் சார். கப்பலில் எப்படியும் வைஃபை இலவசம்" என்றார் அங்கிருந்த இளைஞர். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்: "இந்த ஒரு பேக் போதும் சார், வேறு எதுவும் தேவையில்லை." அந்த வரியை நான் அழிக்காமல் வைத்திருந்தது பிற்பாடு உதவியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேக்கைப் போட்டேன். வெளிநாட்டில் இறங்கியதும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள் என்று போன் கம்பெனியே குறுஞ்செய்தி அனுப்பியது. அதையும் செய்தேன். பேக் வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த ஸ்விட்ச் ஆனில் இருக்க வேண்டும். கப்பலின் சொந்த செல்போன் நெட்வொர்க்கில் டேட்டா ஓடுவதற்கும் அதே ஸ்விட்ச்தான் வழி. இதை யாரும் சொல்லவில்லை.

கப்பல் கிளம்பிய மாலை மேல்தளத்தில் கூட்டம். அம்மா என் போனை வாங்கித் தங்கைக்கு வீடியோ கால் போட்டு, துறைமுக விளக்குகள் சிறிதாவதைக் காட்டிக்கொண்டிருந்தார். காற்று பலமானதும் பேசிக்கொண்டே உள்ளே லவுஞ்சுக்கு வந்தோம். அங்கே படம் உறைந்து, 'ரீகனெக்டிங்' என்று சுற்றியது. சரி, கரை டவர் விட்டுப்போச்சு, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கை முகம் திரும்ப வந்தது. "கடலுக்குள்ளேயும் டவர் கிடைக்கிறதே!" என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். நல்ல பேக்காகத்தான் வாங்கியிருக்கிறேன் என்று நானும் பீற்றிக்கொண்டேன். மேலும் இருபது நிமிடம் பேசினோம். அம்மா கப்பலின் மாடிப்படி, பியானோ, கூரை விளக்கு என்று ஒன்று விடாமல் தங்கைக்குக் காட்டினார்.

அந்த 'ரீகனெக்டிங்' சுற்றியபோது என்ன நடந்தது என்பது பில் வந்த பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. பெரிய பயணிகள் கப்பல்களில் கப்பலுக்கென்றே ஒரு செல்போன் நெட்வொர்க் இருக்கிறது. தாழ்வாரக் கூரையிலும் கூடங்களிலும் சின்னச் சின்ன ஆண்டெனாக்கள் வைத்திருப்பார்கள். அங்கிருந்து சேட்டிலைட் வழியாகக் கரைக்குத் தொடர்பு. துறைமுகத்தில் நிற்கும்போது பொதுவாக அதை அணைத்து வைப்பார்கள், கடலுக்குள் போனதும் உயிர் கொடுப்பார்கள். ஐரோப்பிய யூனியன் 2010-ல் போட்ட விதிப்படி, கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் கரைக் கோட்டிலிருந்து 2 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டருக்குள், அதை இயக்கக் கூடாது என்று இருந்தது. 2 முதல் 12 கடல் மைல் வரை கப்பலின் உள்ளே இருக்கும் ஆண்டெனாக்களை மட்டும் இயக்கலாம் என்றது அந்த விதி. 3.7 கிலோமீட்டர் என்பது கரைக் கட்டடங்கள் இன்னும் நன்றாகவே தெரிகிற தூரம். நடுக்கடலுக்குப் போன பிறகு போனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் காரியம் முடிந்திருக்கும். உள்ளே வந்தபோது சுற்றியிருந்த இரும்பு கரை சிக்னலை மறைத்தது, தலைக்கு மேலேயே கப்பலின் ஆண்டெனா இருந்தது. போன் எது வலுவோ அதில் ஒட்டிக்கொண்டது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திரையில் நெட்வொர்க் பெயரைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். 'செல்லுலார் அட் சீ' என்பது மாதிரி ஒரு பெயர் வரும், அல்லது 901 என்று தொடங்கும் ஓர் எண் வரும். செல்போன் உலகில் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று இலக்கக் குறியீடு உண்டு. 901 எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, பன்னாட்டு நெட்வொர்க்குகளுக்கு ஒதுக்கியது. நான் வாங்கிய பேக்கோ நாடுகளின் பட்டியல். கப்பல் எந்த நாட்டின் கடலில் மிதந்தாலும் அதன் சேட்டிலைட் நெட்வொர்க் அந்தப் பட்டியலில் வராது. ஐரோப்பிய யூனியன் நாட்டு சிம்களுக்கு யூனியனுக்குள் 2017 ஜூன் முதல் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது என்பார்கள். கரை டவரைப் பிடித்திருக்கும் வரைதான் அதுவும். கப்பல் நெட்வொர்க்குக்குப் போன் மாறினால் அந்தச் சலுகை போய்விடும்.

வீடியோ கால் மட்டுமே இவ்வளவு தின்னவில்லை. அன்று எடுத்த படங்களெல்லாம் இரவு முழுக்க கிளவுடுக்கு ஏறியிருக்கின்றன. ஏதோ நாலைந்து ஆப்கள் தம்மைப் புதுப்பித்துக்கொண்டன. குடும்ப குரூப்பில் வந்த கல்யாண வீடியோக்கள் ஒவ்வொன்றாகத் தானே இறங்கின. அதில் ஒன்றைக்கூட நான் இன்றுவரை திறந்து பார்க்கவில்லை. காலையில் டேட்டா நின்றுபோனது. சிக்னல் இல்லை என்று நினைத்தேன். உண்மையில் செலவு வரம்பைத் தாண்டியதால் கம்பெனியே நிறுத்தியிருக்கிறது. அதுவும் நடக்காமல் இருந்திருந்தால் ஏழு இரவும் இதே கதைதான்.

வரம்பு டேட்டாவுக்கு மட்டும். அழைப்புகள் நிற்கவில்லை. என் பில்லிலேயே சேர்ந்து வரும் அம்மாவின் போனுக்கு உறவுக்காரர்கள் மூன்று பேர் கூப்பிட்டார்கள். அந்த நெட்வொர்க்கில் வருகிற அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு. அதைவிட எரிச்சல், எடுக்காத அழைப்புக்கும் பில்லில் தொகை இருந்தது. எடுக்காத போனுக்கு எதற்குப் பணம் என்று சண்டை போட்டேன். அழைப்பு கப்பல் வரை வருகிறது, எடுக்காததால் வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பி ஊருக்குப் போகிறது, போனதும் வந்ததும் இரண்டும் கணக்கு என்றார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன் ##002# என்று டயல் செய்தால் பெரும்பாலான ஜிஎஸ்எம் இணைப்புகளில் எல்லா அழைப்புத் திருப்பல்களும் (கால் ஃபார்வர்டிங்) ரத்தாகும். இது ஒரு நிமிட வேலை.

எச்சரிக்கைச் செய்தி அனுப்பவில்லையா என்று கேட்பீர்கள். அனுப்பினார்கள். கட்டண விவரத்தோடு கூடிய அந்தக் குறுஞ்செய்தி மற்ற ஏழெட்டு செய்திகளோடு சேர்ந்து கிடந்தது. படிக்கவில்லை. இது என் தப்பு.

அப்புறம் இலவச வைஃபை. கப்பலின் ஆப் மட்டும் அதில் திறக்கும். இன்று என்ன நிகழ்ச்சி, சாப்பாடு எத்தனை மணிக்கு, நம் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது, இவ்வளவுதான். கப்பலுக்கு வெளியே ஒரு வரி அனுப்ப வேண்டுமென்றாலும் தனியாக இணையப் பேக்கேஜ் வாங்க வேண்டும். டேட்டா நின்ற பிறகு கவுன்டரில் போய் வாங்கினேன். பக்கத்தில் வரிசையில் நின்றவர் பயணத்துக்கு முன்பே ஆன்லைனில் வாங்கியிருந்தார், என்னைவிடக் குறைந்த விலைக்கு. பெரும்பாலும் அப்படித்தானாம், கப்பலில் ஏறிய பின் வாங்கினால் கூடுதல். ஏஜென்சிக்கு இது தெரியாதா?

நான் வாங்கியது மலிவான பேக்கேஜ். செய்தி போகும், படம் தவழ்ந்து தவழ்ந்து போகும், வீடியோ காலுக்கு மேல்ரகப் பேக்கேஜ் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கருவிதான். அம்மா பயன்படுத்த வேண்டுமென்றால் நான் வெளியேற வேண்டும். திரையை மூடினால் வெளியேறியதாக ஆகாது, 'லாக் அவுட்' கொடுத்தே ஆக வேண்டும். இது தெரியாமல், வாங்கிய முதல் நாள் முழுக்க அம்மா போனில் இணைப்பு இல்லை என்று வைஃபையைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஆப் வழியாக வெறும் குரல் அழைப்பு முயன்றபோது நான் 'ஹலோ' சொல்லி, பதில் வரவில்லையே என்று மறுபடி சொல்ல, இரண்டு ஹலோவும் மோதிக்கொள்ளும். எங்கள் கப்பல் பழைய வகை சேட்டிலைட்டை நம்பியிருந்தது. பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. கேட்டுப் பதில் வர, ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை விநாடி ஆகிவிடும். ஸ்டார்லிங்க் என்ற புதிய வகை இணையச் சேவையின் சேட்டிலைட்டுகள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் இந்த இழுவை வெகுவாகக் குறையும். 2022-ல் பெரிய கப்பல் கம்பெனிகள் அதற்கு மாறத் தொடங்கின. உங்கள் கப்பலில் எது என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், வேலை விஷயமாக அழைப்பில் உட்கார வேண்டியவர்கள் முக்கியமாக.

இன்னொரு இடத்திலும் மாட்டினேன். நடுவில் ஒரு கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வங்கி ஓடிபியைக் குறுஞ்செய்தியில்தான் அனுப்பும். செல் நெட்வொர்க்கை அணைத்தால் ஓடிபி வராது, ஆன் செய்தால் கப்பல் நெட்வொர்க் பிடித்துக்கொள்ளும். வைஃபை காலிங் (டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும் வசதி) இருந்தால் வரும் என்றார்கள். அது போன் கம்பெனியும் அனுமதிக்க வேண்டும், கப்பலும் தடுக்காமல் இருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அடுத்த துறைமுகத்தில் இறங்கும்வரை காத்திருந்தேன். கெடு தாண்டியது. கட்ட வேண்டியவற்றைக் கரையிலேயே கட்டிவிட்டு ஏறுங்கள்.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள் அல்லவா, அந்த அறிவிப்பு கேட்டதும் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். கயிறு அவிழ்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம். சிம் உள்ள ஸ்மார்ட்வாட்ச், டேப்லெட் எல்லாவற்றுக்கும் இதே கதி. கூட வரும் பெரியவர்களின் போனை நீங்களே வாங்கிச் செய்யுங்கள். துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி, தரையில் நின்றபின் மோடை எடுங்கள். நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல், பேக்கில் உள்ள உள்ளூர்க் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள். திரும்ப ஏறும் முன் மறுபடி மோடு. கடிகாரத்தையும் கவனியுங்கள். கரை டவரைப் பிடித்ததும் போன் அந்த ஊர் நேரத்துக்கு மாறும், கப்பல் நேரம் வேறாக இருக்கலாம். ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று உலாத்திக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறியவர்களில் நாங்களும் உண்டு. வீட்டாரிடம் கப்பலின் பெயரையும், அவசரத்துக்குக் கப்பல் கம்பெனி தருகிற தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள், உங்கள் போன் அணைந்திருந்தால் அவர்கள் பதற மாட்டார்கள்.

புகார் என்ன ஆயிற்று என்றால், முதல் மூன்று வாரம் பந்து போல உருட்டினார்கள். ஏஜென்சி, "அது போன் கம்பெனி விவகாரம்" என்றது. போன் கம்பெனி, கடல்சார் நெட்வொர்க் சேராது என்று விதிமுறையில் இருக்கிறதே என்றது. இருக்கிறதுதான், நான்கு முறை தட்டி உள்ளே போனால் கடைசிப் பத்தியில். கப்பல் கம்பெனி, அந்த செல் நெட்வொர்க்கை நடத்துவது நாங்கள் இல்லை என்று ஒரே வரியில் முடித்தது. பிறகு எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தேன்: பேக் வாங்கிய ரசீது, வாட்ஸ்அப் வரியின் ஸ்கிரீன்ஷாட், டேட்டா போன நேரங்கள், கப்பல் கிளம்பிய நேரம். நாலாவது கடிதத்துக்குப் பிறகு போன் கம்பெனி டேட்டா தொகையில் பாதியைத் தள்ளுபடி செய்தது. அழைப்புக்கான தொகையில் காலணா குறையவில்லை. ஏஜென்சி, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் அதே ஏஜென்சியில் கப்பல் பதிவு செய்துவிட்டு, வந்த செய்தியை எனக்கு அனுப்பியிருந்தார். "இந்த ஒரு பேக் போதும் சார், வேறு எதுவும் தேவையில்லை." ஒரு எழுத்துகூட மாறவில்லை. கப்பலின் சொந்த நெட்வொர்க் இதில் சேருமா, ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கொடுங்கள் எனக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். செய்தியில் இரண்டு நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது.