கிராஃபீன் முரசா, சிலிக்கான் நைட்ரைடு சவ்வா?

ஒளிக்கும் நுண்ணிய அதிர்விகளுக்கும் (அதிரும் மிகச் சிறிய பொருள்களுக்கும்) இடையே எழும் நேரியலற்ற விளைவுகளை, அதாவது காரணத்துக்கு நேர்விகிதத்தில் அமையாதவற்றை, ஆராயத் தொடங்கியபோது, கார்பன் அணுக்களாலான மெல்லிய தாளாகிய கிராஃபீனை ஒரு குழியின்மேல் தோல்போல் இழுத்துக் கட்டிய முரசு, சிலிக்கான் நைட்ரைடு என்ற கடினமான பீங்கான் வகைப் பொருளின் மெல்லிய சவ்வு ஆகிய இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கிராஃபீனைத் தேர்ந்தேன், இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

சிலிக்கான் நைட்ரைடின் சிறப்புகள் பலரும் அறிந்தவை. அதன் சவ்வு உறுதியானது. சிறப்பாக வடிவமைத்த சவ்வுகளின் தரக்காரணி (அதிர்வு எவ்வளவு மெதுவாக ஆற்றலை இழக்கிறது என்பதன் அளவு) அறை வெப்பநிலையிலேயே பத்துக் கோடியைத் தாண்டியிருக்கிறது. 2008இல் யேல் பல்கலைக்கழகக் குழு, 50 நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வை இரு ஆடிகளுக்கு நடுவே நிறுத்தி, ஒளிக்குழிவின் (ஆடிகளுக்கிடையே ஒளி சிறைபடும் வெளியின்) அதிர்வெண் சவ்வின் இடப்பெயர்ச்சியினுடைய இருபடிக்கேற்ப மாறுவதைக் காட்டியது. கிராஃபீனோ கிழியும், இடமாற்றும்போது ஒட்டிய பாலிமர் கறை எளிதில் போகாது, ஒரே சில்லில் இரு முரசுகள் ஒரே அதிர்வெண்ணில் அமைவதும் அரிது.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது வெப்பம். ஓரடுக்கு கிராஃபீனின் தடிமன் 0.335 நானோமீட்டர்தான், ஆனால் தன்மேல் விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டை அது உட்கவர்கிறது. 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள முரசின் நிறை சுமார் 15 ஃபெம்டோகிராம். அதன்மேல் 1 மில்லிவாட் லேசர் விழுந்தால் ஏறத்தாழ 23 மைக்ரோவாட் வெப்பமாகிறது. வெற்றிடத்தில் அந்த வெப்பம் பெரும்பாலும் விளிம்பு வழியேதான் வெளியேற முடியும். சூடேறினால் சுருங்கும் இயல்புடையது கிராஃபீன் என்பதால் இழுவிசை கூடி, அதிர்வெண் ஏறுகிறது. அளப்பதற்கு அனுப்பிய ஒளியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. முதலில் இதைக் குறையாகக் கருதி, சமிக்ஞை இரைச்சலில் அமிழும் வரை லேசரின் திறனைக் குறைத்துப் பார்த்தேன். முரசின் அசைவைக் கட்டுப்படுத்த நான் தேடிய பிடி அந்த வெப்பமே என்பது பிறகுதான் விளங்கியது.

முரசுக்கு அடியிலுள்ள சிலிக்கானில் ஒளி எதிரொளித்து நிலை அலையாக (செறிவு இடத்துக்கு இடம் மாறுபட்டு, நகராமல் நிற்கும் அலையாக) அமைவதால், முரசு அசையும்போதெல்லாம் அது உட்கவரும் ஒளியும் மாறுகிறது. வெப்பம் சற்றுத் தாமதித்தே இழுவிசையை மாற்றுவதால், அந்த விசை, நிலை அலையில் முரசு நிற்கும் இடத்தைப் பொறுத்து, அசைவைத் தணிக்கவும் செய்யும், தூண்டவும் செய்யும். 2012இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு தன்னதிர்வையும் (தானே எழுந்து நீடிக்கும் அதிர்வு) லேசர் குளிர்விப்பையும் (ஒளியால் அதிர்வைத் தணித்தல்) கிராஃபீனில் காட்டியது இவ்வழியில்தான். இயல்பதிர்வெண்ணின் இரு மடங்கில் ஒளிச்செறிவை ஏற்றி இறக்கினால், இழுவிசையே அந்தத் தாளத்தில் மாறி முரசை அதிரவைக்கிறது. வீச்சு பெருகும்போது, பெரிய அசைவில் முரசு மேலும் விறைப்பாகும் டஃபிங் விளைவால் அதிர்வெண் மேலும் உயர்கிறது. ஒளியை மிகமிகக் குறைவாகவே உட்கவரும் நைட்ரைடில் இந்த வழி ஏறத்தாழ அடைபட்டிருக்கிறது.

வெப்பம் குலைத்துவிடக்கூடிய குவாண்டம் நிலையை நாடுபவருக்கு அந்தக் குறைந்த உட்கவர்தலே வரம். அவர் நைட்ரைடையே தேர வேண்டும். என் அனுபவம் அறை வெப்பநிலையோடு நிற்கிறது. 2014இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழு செய்ததுபோல் பல அடுக்கு கிராஃபீனை, லேசருக்குப் பதில் நுண்ணலைகளைக் கொண்டு இயங்கும் மீக்கடத்தி (மின்தடையற்ற பொருள்) நுண்ணலைக் குழிவுடன் இணைப்பவருக்கு, லேசர் வெப்பம் பற்றிய என் வாதம் அப்படியே பொருந்தாது.