நாகர்கோவில் மக்களவைத் தொகுதி வரலாறு: தேர்தல் முடிவு அறிக்கையா, எல்லை ஆணையா?

யார் வென்றார்?
தேர்தல் ஆணையத்தின் பொதுத்தேர்தல் முடிவு அறிக்கை: வேட்பாளர், கட்சி, வாக்கு எண்ணிக்கை எல்லாம் இருக்கும். ஆனால் இடைத்தேர்தல் விடுபடும். 1967 அறிக்கையில் நேசமணி வெற்றியோடு நின்றால், அவர் மறைந்தபின் 1969இல் காமராஜர் வென்றதே தெரியாமல் போகும். பெரிய ஓட்டை இது. இடைத்தேர்தல் முடிவைத் தனியே தேடுங்கள்.
எல்லை ஆணை (தொகுதி எல்லைகளை வரையறுக்கும் ஆணை): வேட்பாளர் பெயரே வராது.

எங்கே இருந்தது?
அறிக்கை: போதாது.
ஆணை: இதுவே சான்று. 2008 மறுசீரமைப்பில் நாகர்கோவில் தொகுதி கன்னியாகுமரி ஆனது வெறும் பெயர்மாற்றம் அல்ல. திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்த கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி சேர்ந்தது, திருவட்டாறு நீங்கியது.

வெற்றியாளர் பட்டியலுக்கு அறிக்கையும் இடைத்தேர்தல் முடிவும் போதும். 2004, 2009 வாக்குகளை ஒப்பிடுவோர் ஆணையை முதலில் படிக்கவும்.