மடிக்கணினி நன்று, மீட்கும் வழிதான் பெட்டியில் இல்லை

எட்டு மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்திவரும் மடிக்கணினியைப் பற்றிய மதிப்புரை இது. 13ஆம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 செயலி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (விண்டோஸும் கோப்புகளும் தங்கும் சேமிப்பு வட்டு), விண்டோஸ் 11 ஹோம் ஆகியவை கொண்ட இதை மதுரையில் ஒரு கடையில் 58,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான் வரிக் கணக்குகள் பார்ப்பவன். டாலி கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி தளமும் இரண்டு மூன்று எக்செல் கோப்புகளும் ஒருசேரத் திறந்திருந்தாலும் வேகம் குறைவதில்லை. விசைப்பலகை விரலுக்கு இதமாக இருக்கிறது, பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்குகிறது. விலைக்கு ஏற்ற பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெட்டியைப் பிரித்தபோது கணினி, சார்ஜர், உத்தரவாத அட்டை, பாதுகாப்புக் குறிப்புகள் அச்சிட்ட தாள் ஆகிய நான்கு மட்டுமே இருந்தன. விண்டோஸை மீண்டும் நிறுவ வட்டோ பென்டிரைவோ இல்லை. கேட்டதற்குக் கடைக்காரர், "இப்பல்லாம் எதுக்கும் சிடி வர்றதில்லை சார், எல்லாம் உள்ளேயே இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மைதான். எஸ்எஸ்டியின் ஒரு பகுதியைத் தனியே பிரித்து, அதில் மீட்புக் கோப்புகளை வைத்துத்தான் நிறுவனங்கள் கணினியை விற்கின்றன. விண்டோஸ் குழம்பிப்போனால் அந்தப் பகுதியிலிருந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் எஸ்எஸ்டியே பழுதானால் மீட்புப் பகுதியும் அதோடு போய்விடும். மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்த நிலைதான் அப்போது.

எனக்கு அதுதான் நேர்ந்தது. ஆறாம் மாதம், 16ஆம் தேதி காலையில், துவக்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்ற ஒற்றை வரியோடு திரை நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டிஆர் 3பி படிவங்களை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். உத்தரவாதம் இருந்ததால் இரண்டாம் நாளே பொறியாளர் வீட்டுக்கு வந்து, பின்மூடியைக் கழற்றிக் கால் மணி நேரத்தில் புதிய எஸ்எஸ்டியைப் பொருத்தினார். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் திரையில் அதன் பெயர் தெரிந்ததும் வேலை முடிந்ததாகக் கையெழுத்துக் கேட்டார். விண்டோஸ் எங்கே என்றேன். "ஓஎஸ் போடுறது வாரண்டில வராது சார், சென்டருக்குக் கொண்டு வந்தா தனி சார்ஜ்" என்றார். பாகம் பழுதாவது எந்த நிறுவனத்தின் கணினியிலும் நேரக்கூடியது, அதற்காக நான் குறை கூறவில்லை. ஆனால் விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தேன் என்னும்போது, அவர்கள் தந்த பாகம் பழுதானதால் அழிந்ததைத் திரும்பப் பெற நான் மீண்டும் பணம் கட்ட வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை.

தெருமுனைக் கடையில் 500 ரூபாய்க்கு விண்டோஸ் 11 ப்ரோவையே "ஆக்டிவேட் பண்ணித்" தருவதாகச் சொன்னார்கள். அது திருட்டுப் பிரதி. விண்டோஸ் 7 காலத்தில் மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருந்த 25 எழுத்து உரிமக் குறியீடு, 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல் மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டு வருகிறது. எனவே எஸ்எஸ்டியை மாற்றினாலும் உரிமம் அழிவதில்லை. முறையான ஹோம் பதிப்பை நிறுவி இணையத்தோடு இணைத்தால், எதையும் தட்டச்சு செய்யாமலே அது செயல்படத் தொடங்கும். இதை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை. கையில் நிறுவும் பென்டிரைவ் இல்லாத ஒரே காரணத்தால், முறையாக விலை கொடுத்தவர்கள்கூடத் திருட்டுப் பிரதிக்கும் அதோடு ஒட்டிவரும் வைரஸுக்கும் ஆளாகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நண்பரின் அலுவலகக் கணினியில் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்க உதவும் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைப் பதிவிறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்தேன். பணம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் இதற்கு நல்ல நிலையில் இன்னொரு கணினி வேண்டும். நிறுவத் தொடங்கியபோது, எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் வெறுமையாக இருந்தது. 11ஆம் தலைமுறை முதல் வந்த பல இன்டெல் மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால், அதற்குரிய இன்டெல் டிரைவரை (வன்பொருளை விண்டோஸ் அறிந்து இயக்க உதவும் சிறு மென்பொருளை) காட்டினால்தான் விண்டோஸ் நிறுவிக்கு எஸ்எஸ்டி கண்ணில் படும். மறுபடியும் நண்பரின் அலுவலகத்துக்குப் போய், கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை இறக்கி, விரித்து, பென்டிரைவில் ஏற்றி வந்தேன். பின்பு வைஃபைக்கும் டிரைவர் இல்லாததால், கைப்பேசியைக் கேபிளில் இணைத்து இணையம் கொடுத்தேன். 19ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குத்தான் கணினி வேலைக்கு வந்தது. டாலி தரவு தனி வட்டில் இருந்ததால் தாக்கல் தவறவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் என் முதல் கணினியோடு வந்த ஹோலோகிராம் மின்னும் சிடியைப் பல ஆண்டுகள் பீரோவில் வைத்திருந்தேன். அடுத்து வாங்கிய மடிக்கணினி, காலி டிவிடிகளை நானே வாங்கி மீட்பு வட்டு எழுதிக்கொள்ளச் சொன்னது. இப்போதைய கணினியில் டிவிடி டிரைவே கிடையாது, விண்டோஸ் 11 நிறுவல் கோப்பும் 4.7 ஜிபி டிவிடியில் அடங்காது. ஆகையால் வட்டுதான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் 10ஐக் கடைப் பெட்டியில் விற்றபோது பென்டிரைவில்தான் தந்தது. டெல், ஹெச்பி, லெனோவோ போன்றவை மாடலுக்கு உரிய மீட்புக் கோப்புகளை இணையத்தில் இறக்கிக்கொள்ள வழி செய்திருப்பது பாராட்டத்தக்கது. எனினும் அதற்கும் இன்னொரு கணினியும் நல்ல இணைய இணைப்பும் தேவை. வீட்டுக்கு ஒரே கணினி உள்ள மாணவர் எங்கே போவார்? 58,000 ரூபாய்ப் பொருளோடு, டிரைவர்கள் உட்பட எல்லாம் அடங்கிய ஒரு பென்டிரைவைச் சேர்த்துத் தருவது நிறுவனத்துக்குப் பெரிய செலவாகாது.

வன்பொருளுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். மீட்பு ஏற்பாட்டுக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. இந்தக் கணினியை வாங்க எண்ணுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கிய அன்றே, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸின் ‘ரெக்கவரி டிரைவ்’ வசதியைக் கொண்டு மீட்புக் கோப்புகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பென்டிரைவில் எஸ்எஸ்டி, வைஃபை டிரைவர்களைப் போட்டு, கணினி வந்த பெட்டியிலேயே இரண்டையும் ஒட்டிவையுங்கள். என்னுடையவை இப்போது அங்கேதான் இருக்கின்றன.