ஸ்காட்லாந்துக் கடலோரப் பண்ணை: குத்தகையா, சொந்தமா?

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஆடு மாடு வளர்க்கும் சிறு பண்ணைக்கு 'கிராஃப்ட்' என்று பெயர். பழைய கல் வீடு, கூரை போன தொழுவம், ஊர்ப் பொது மேய்ச்சலில் ஒரு பங்கு. இதை வாங்க இரண்டு வழிகள்.

குத்தகை என்றால் நிலம் எஸ்டேட்டுடையது, அதாவது பெரிய நில உரிமையாளருடையது. இப்போது இருப்பவரின் உரிமைக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். ஆண்டு வாடகை சொற்பம். 1886 சட்டத்தால் நினைத்தபடி வெளியேற்றவும் முடியாது. ஆனால் பெயர் மாற்ற, கிராஃப்ட்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கிராஃப்டிங் கமிஷனின் சம்மதம் வேண்டும். பெரிய சிக்கல் வீட்டைச் சீரமைக்கும்போது வரும்: குத்தகை உரிமையை வங்கிகள் அடமானமாக ஏற்பதில்லை. வீட்டு மனையை எஸ்டேட்டிடம் வாங்கி, கிராஃப்ட் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த பிறகுதான் கடன் கிடைக்கும்.

சொந்த கிராஃப்ட்டில் மனையை வாங்கும் அந்தப் படி தேவையில்லை. விலைதான் அதிகம். கூரையிலிருந்து தொடங்க வேண்டிய வீடு, கடன் வாங்கித்தான் சீரமைக்க வேண்டும் என்றால் நான் இதையே எடுப்பேன். வீடு குடியிருக்கும் நிலையில் இருந்தால் குத்தகை போதும். 1976 சட்டப்படி ஆண்டு வாடகையைப்போல் 15 மடங்கு கொடுத்து நிலத்தைப் பிறகு வாங்கலாம்.

சொந்தமானாலும் இஷ்டப்படி விட முடியாது. இரண்டிலும் பண்ணையிலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைத் தரிசாகப் போடக் கூடாது. விடுமுறை வீடு தேடுபவர்களுக்கு இது சரிவராது.

அப்புறம், சொந்த கிராஃப்ட்டில் மேய்ச்சல் பங்கு பல நேரம் தனிக் குத்தகையாகப் பிரிந்து கிடக்கும். அது விற்பனையில் சேர்ந்திருக்கிறதா என்று வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள்.